விற்கிற சோற்றில் அறம் உண்டா?

அரியா அரனா என்ற பேதத்தை ஒரே திருமேனியில் தீர்த்துவைத்த ஊர் சங்கரன்கோவில். ஆடித்தபசுக்குக் கூடும் ஜனத்துக்கு அங்கே அன்னதானம் நடக்கும்; கோயிலைவிட்டு வெளியே வந்தால் டீக்கடையும் பிரியாணிக்கடையும் இருக்கின்றன. தானமாகப் போடும் சோறு புண்ணியம், காசுக்கு விற்பது பிழைப்பு என்றே நாம் பிரித்துப் பழகியிருக்கிறோம். இந்தப் பிரிவினை சரியென்று எனக்குத் தோன்றவில்லை. பழைய சத்திரங்கள் பலவற்றில் பசியை விசாரிக்குமுன் சாதியை விசாரித்தார்கள்; யாருக்கு எந்தப் பந்தி என்பது போடுகிறவர் விருப்பம். 1867-இல் வடலூரில் வள்ளலார் தொடங்கிய தருமச்சாலை அந்த விசாரணையை ஒழித்ததால்தான் இன்றும் தனித்து நிற்கிறது. தானத்தில் வாங்குகிறவருக்கு நன்றி சொல்லத்தான் இடம், உரிமை பேச இடமில்லை. விலை கொடுத்தவரோ எதிர்த்துக் கேட்கலாம்.

காசுக்கு விற்கும் இடத்துக்கு டீக்கடையையே எடுத்துக்கொள்வோம். டீ நமக்கு வெள்ளைக்காரர் பழக்கிவிட்டது. மலைகளில் தோட்டம் போட்டவர்கள், 1930-களில் உலகச் சந்தை சரிந்ததும் உள்ளூரில் குடிக்க ஆள் தேடித் தெருத்தெருவாக விளம்பரம் செய்தார்கள். நோக்கம் லாபம்தான். ஆனாலும் காசைத் தவிர வேறொன்றும் கேட்கக் கூடாத ஓர் இடம் அதனால் ஊருக்கு ஊர் உண்டானது. ‘கேட்கக் கூடாத’ என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. காசு கொடுத்தவருக்கும் தனி டம்ளர் வைத்த கடைகள் தமிழகத்தில் ஏராளம். 1957-இல் சென்னை முரளி கபே முன்னால் ‘பிராமணாள்’ என்ற பலகையை அழிக்கப் பெரியார் இயக்கம் மறியல் செய்யவேண்டி வந்தது. இதைக் காட்டி, விலை சமத்துவம் தராது என்பார்கள். உண்மைதான், தானாகத் தராது. ஆனால் கேட்டுப் பெற வழி தருகிறது. அரசியலமைப்பின் 15-ஆவது பிரிவு உணவகத்தைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு அங்கே பாகுபாடு கூடாதென்கிறது. ஒருவர் வீட்டு விருந்தில் இலை கேட்டு வழக்காட முடியாது, கடையில் முடியும்.

இதைவிடக் கடினமான ஆட்சேபம் விலையைப் பற்றியது. குடும்பத்தோடு ஒருவேளை வெளியே சாப்பிட ஒருநாள் கூலி போய்விடுமானால், சாதி நின்ற வாசலில் பணம் வந்து நிற்கிறது. இதை நான் முழுதாக ஒப்புக்கொள்கிறேன். ஆகவேதான் 2013-இல் அம்மா உணவகம் இட்லியை இலவசமாக்காமல் ஒரு ரூபாய்க்கு விற்றதை முக்கியமாகக் கருதுகிறேன்: வயிறும் நிறைந்தது, வாங்குகிறவர் வாடிக்கையாளராகவும் இருந்தார். எல்லோருக்கும் எட்டும் விலையில், ஆளைப் பாராமல் விற்பது தானத்துக்குக் குறைந்த அறமல்ல. ஆனால் எட்டும் விலை இன்னொருவர் வயிற்றிலடித்து வந்ததாக இருக்கக் கூடாது. மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் கூலிக்காகவும், சிறையிலிருந்தவர்களின் விடுதலைக்காகவும் 1999 ஜூலை 23 அன்று திருநெல்வேலியில் ஊர்வலம் போனவர்களில் 17 பேர் போலீஸ் தடியடிக்குப் பின் தாமிரபரணியில் மாண்டார்கள். டீயின் நியாயமான விலை எதுவென்ற கணக்கைக் கடைக்காரரின் கல்லாவிலிருந்து அல்ல, அந்தக் கூலியிலிருந்து தொடங்க வேண்டும்.