யாருடைய அமைதி?

'ஒரு தடவ தனுஷ்கோடி போயிட்டு வாங்க தோழர். ரொம்ப அமைதியான ஊர். மனசு அப்படியே அடங்கிப் போகும்' என்றார் நண்பர். நல்ல மனுசர், நல்லெண்ணத்தில்தான் சொன்னார். ஆனாலும் அமைதி, அடங்குதல் என்கிற அந்த இரண்டு சொற்களும் என் காதில் வேறு மாதிரி விழுந்தன.

மதுரையைச் சுற்றியுள்ள சேரிகளில் பிறந்தவர்களுக்கு அமைதி என்பது ஓர் அரசாங்கச் சொல். குடிசை எரியும், மண்டை உடையும். அப்புறம் அதிகாரிகள் ஜீப்பில் வந்து கூட்டுகிற கூட்டத்துக்குப் பேர் அமைதிப் பேச்சுவார்த்தை. அடிச்சவனும் அடிபட்டவனும் ஒரே தாளில் கையெழுத்துப் போடணும். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகள் 1996-இல் தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டன. 2006 வரை ஒரு தலித்தால் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்து நிர்வாகம் பண்ண முடியவில்லை. சாலையில் பஸ்ஸில் போகிறவன் கண்ணுக்கு அந்தப் பத்து வருசமும் அவை அமைதியான கிராமங்கள்தான்.

இவ்வளவும் தெரிந்தும் போனேன். ஏனென்றால் எனக்கும் அமைதி தேவைப்பட்டது. எங்கள் அவனியாபுரத்தில் தலைக்கு மேல் விமானம். தெருவில் வெள்ளக்கல் குப்பைக் கிடங்குக்குப் போகும் லாரி. நகரம் சுத்தமாக இருக்க, அதன் குப்பையும் நாத்தமும் எங்கள் பக்கம். அம்மாவையும் கூட்டிக்கொண்டேன். அறுபது வயசாகியும் அவள் கடல் பார்த்ததில்லை. நான் மட்டும் என்ன? நெய்தலுக்கு உரிப்பொருள் இரங்கல் என்று பரீட்சையில் எழுதி எம்.ஏ. வாங்கிய பிறகுதான் கடலையே பார்த்தேன்.

ராமேஸ்வரம் போய், அங்கிருந்து இன்னொரு பஸ். 2017-இல் திறந்த தார்ச்சாலை அரிச்சல்முனை வரைக்கும் போகிறது. சாலைக்கு ரெண்டு பக்கமும் கடல். ஒன்று அலையில்லாமல் கிடக்கிறது, இன்னொன்று ஆர்ப்பரிக்கிறது. முன்னதைப் பெண்கடல் என்றும் பின்னதை ஆண்கடல் என்றும் சொல்கிறார்கள். அடங்கிக் கிடந்தால் பெண், சத்தம் போட்டால் ஆண். அமைதி யார் தலையில் கட்டப்பட்டிருக்கிறது என்பதைத் தண்ணீருக்கு வைத்த பேரே சொல்லிவிடுகிறது.

வழியில் இடிந்த தேவாலயம், இடிந்த ரயில் நிலையம். 1964 டிசம்பர் 22 இரவு புயலடித்தது. கடல் ஊருக்குள் வந்தது. நூறு பேருக்கு மேல் ஏறிவந்த பாம்பன் பாசஞ்சர் அப்படியே தண்ணிக்குள் போனது. மக்கள் வாழ லாயக்கில்லாத இடம் என்று அரசாங்கம் அறிவித்தது. நண்பர் சொன்ன அமைதி அன்றைக்குப் பிறந்தது.

புயலுக்கு முன்னால் இது இரைச்சலான துறைமுகம். 1914-இல் பாம்பன் பாலம் வந்தபின் ரயில் இங்கே வந்து நிற்கும். இறங்கிக் கப்பலேறினால் தலைமன்னார். அந்தக் கப்பலில் கனவான்கள் மட்டும் போகவில்லை. கங்காணியிடம் முன்பணம் வாங்கிய நம் சனங்கள், மண்டபம் முகாமில் அடைத்துவைக்கப்பட்டு, நோய் இருக்கிறதா என்று பார்க்கப்பட்டு, இந்தக் கரை வழியாகத்தான் கண்டிச்சீமைத் தோட்டங்களுக்குப் போனார்கள். அதில் பெரும்பகுதி பள்ளர், பறையர், சக்கிலியர். 1964 அக்டோபர் 30-இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு என்று எண்ணி முடித்தார்கள். எண்ணப்பட்டவர்களிடம் யாரும் கேட்கவில்லை. அடுத்த ரெண்டு மாசத்துக்குள் அவர்கள் ஏறிப்போன கரையும் அழிந்தது.

'எங்க தாத்தாவோட தம்பி இப்பிடித்தானப்பா போனாரு. திரும்பி வரவே இல்ல' என்றாள் அம்மா. எங்கே போனார், எந்தத் தோட்டம் என்று அவளுக்குத் தெரியாது. கேட்டுவைக்கவும் எங்கள் வீட்டில் எழுதப் படிக்கத் தெரிந்த ஆள் இல்லை.

சங்கு, பாசி விற்றுக்கொண்டிருந்த அக்காவிடம், 'கூட்டமில்லாம நல்லா இருக்குக்கா' என்று பேச்சுக்குச் சொல்லிவைத்தேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். 'ஒங்களுக்கு நல்லாருக்கு தம்பி. சனம் வரலன்னா எங்க வீட்டுல அடுப்பெரியாது' என்றார். நண்பரின் சொல்லைத்தான் நானும் சொல்லியிருக்கிறேன். சேரியில் பிறந்துவிட்டால் மட்டும் போதாது. பார்வையாளனாக ஓரிடத்தில் போய் நின்றதும், அங்கே இருப்பவனின் பசி நமக்கும் காட்சியாகிவிடுகிறது.

அம்மா சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஆண்கடல் பக்கம் முழங்கால் தண்ணியில் இறங்கினாள். சின்ன வயசில் ஊருணிக் கரையில் குடத்தைத் தள்ளிவைத்துவிட்டு, யாராவது மோந்து ஊத்துவார்களா என்று நின்றவள். ரொம்ப நேரம் கழித்துச் சொன்னாள்:

'இம்புட்டுத் தண்ணி கெடக்கு, தொடாதன்னு சொல்ல ஆளில்ல. வெடிஞ்சதுலருந்து சத்தம் போடுது, அதட்டவும் ஆளில்ல.'

நான் புத்தகங்களில் தேடிய பதிலை அவள் கடலில் நின்றுகொண்டு சொல்லிவிட்டாள். எதை நாம் அமைதி என்கிறோம்? கடல் ஒரு நிமிசமும் சும்மா இருப்பதில்லை. ஆனாலும் அதன் பக்கத்தில் மனசு ஆறுகிறது. அப்படியென்றால் மனசு கேட்பது சத்தமில்லாமையை அல்ல. அதட்டப்படாமல் நிற்க ஓர் இடத்தை. பயத்தால் வாய் மூடிய ஊரிலும் சத்தம் இருக்காது. ரெண்டுக்கும் ஒரே சொல்லை வைத்திருப்பதுதான் மொழி நமக்குச் செய்த வஞ்சனை.

அமைதி வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. குப்பை லாரிச் சத்தத்தில் தூங்கி எழுகிறவர்களுக்குத்தான் அது முதலில் வேண்டும். ஓர் ஊரை அமைதியான ஊர் என்று வாயாரச் சொல்வதற்கு முன்னால் ஒரு கேள்வியை மட்டும் கேட்டுக்கொள்ளலாம்: இங்கே யார் பேசாமல் இருக்கிறார்கள்? செத்தவர்களா, துரத்தப்பட்டவர்களா, பயந்தவர்களா? ஒருவருமில்லை, எல்லோரும் பேசித் தீர்த்துவிட்டு ஓய்ந்திருக்கிறார்கள் என்றால், அதுதான் அமைதி. அப்படி ஓர் ஊரை நான் இன்னும் பார்க்கவில்லை.

திரும்பும்போது அம்மா ஒரு தண்ணி பாட்டிலில் கடல்தண்ணி பிடித்துக்கொண்டாள். 'குடிக்க ஆகாதும்மா' என்றேன்.

'தெரியும்டா. யாரையும் கேக்காம மோந்த தண்ணி. வீட்டுல இருக்கட்டும்' என்றாள்.