உவர்ப்பின்மையும் நோயாளியின் படுக்கையும்

நற்காட்சியின் எட்டு உறுப்புகளை நம் இல்லங்களில் சிறுவர்களும் வரிசையாக ஒப்புவிப்பர். ஐயமின்மை, அவாவின்மை ஆகியவற்றை அடுத்து மூன்றாவதாக வைக்கப்பட்டது உவர்ப்பின்மை. வடமொழியாளர் நிர்விசிகித்சை என்பர். உடல் இயல்பிலேயே தூய்மையற்றது, மும்மணிகளாலேயே அது தூய்மை பெறுகிறது, ஆகையால் அறவோரின் உடலைக் கண்டு அருவருத்தலாகாது என்பது இரத்தினகரண்டகத்தில் சமந்தபத்திர ஆசாரியர் தரும் விளக்கம். இவ்வுறுப்பில் சிறந்தவனாக அவர் பெயர் சுட்டுவது உத்தாயண மன்னனை. நோயுற்ற முனிவர் வேடத்தில் வந்த தேவன் தான் உண்டதையெல்லாம் அரசன்மீதும் அரசிமீதும் உமிழ்ந்தான். அவர்களோ, தாம் இட்ட உணவு ஒவ்வாமற் போயிற்றே என்று தம்மையே நொந்துகொண்டு அவருடைய உடலைக் கழுவிவிட்டார்கள் என்பது கதை.

கதையைக் கேட்கும்போது நாம் எல்லோரும் உத்தாயணன் பக்கமே நிற்கிறோம். நோயாளி நம் வீட்டில் படுத்திருக்கும்போதும், நாமே நோயாளியாகும்போதும் அவ்வாறு நிற்க முடிகிறதா என்பதே நான் எழுப்ப விரும்பும் வினா. உவர்ப்பின்மையைப் பிறர்பால் காட்டும் பண்பாக மட்டுமே நாம் கொண்டுவிட்டோம். தன் உடலின்பாலும் அது வேண்டும் என்பதை எங்கள் இல்லத்திற்கு வந்த சிறுநீர்ப்பைப் புற்றுநோய் உணர்த்திற்று.

தொண்டை நாட்டில் பிறந்து, ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் பணியேற்றுத் திண்டுக்கல்லுக்கு வந்து, இங்கேயே தங்கிவிட்டவள் நான். என் கணவரும் ஆசிரியர். 2018-ஆம் ஆண்டு கோடையில் அவருடைய சிறுநீரில் குருதி கலந்து வந்தது. வலி சிறிதும் இல்லை. இரண்டு நாள் வந்தது, நின்றது. உடற்சூடு என்று தாமே முடிவு செய்து வாழைத்தண்டுச் சாறும் நீர்மோரும் அருந்தினார். மூன்று வாரம் கழித்து மீண்டும் வந்தது, மீண்டும் நின்றது. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் உடன் வாழ்ந்த மனைவியிடமும் அவர் இதைச் சொல்லவில்லை. வேட்டியில் பட்டிருந்த கறையைத் துவைக்கும் கல்லருகே நான் கண்டு கேட்ட பிறகே சொன்னார். கழிப்பறைச் செய்தியை வாய்விட்டு எவ்வாறு சொல்வது என்பதே அவர் தந்த காரணம்.

வலியின்றிக் குருதி தோன்றித் தானே நின்றுவிடுவதே இந்நோயின் முதல் அடையாளம். நின்றதனால் நோய் நீங்கிற்று என்று கொள்ளலாகாது. பெண்களிடத்தே இது ஆடவரினும் குறைவாகக் காணப்பட்டாலும் காலந்தாழ்ந்தே அறியப்படுகிறது. நீர்த்தாரைத் தொற்று என்றோ மாதவிலக்கு நின்றபின் வரும் கோளாறு என்றோ கருதி மாதக்கணக்கில் மாத்திரை உண்டு கழிக்கிறார்கள். நம் சமயமோ துறவியர்க்குரிய ஐந்து சமிதிகளுள் ஒன்றாகவே உத்சர்க்கத்தை வைத்திருக்கிறது. மலசலம் கழிக்குமிடத்தில் எவ்வுயிர்க்கும் ஊறு நேராதவாறு பார்த்துக் கழிக்கவேண்டும் என்பது அந்த ஒழுக்கம். ஆசாரியர்கள் கூச்சமின்றி வகுத்துரைத்த ஒன்றை, மருத்துவரிடமும் மனைவியிடமும் சொல்ல நாம் கூசுவது எந்த மரபு?

நோய் உறுதியானதும் வந்தவர்கள் கேட்ட முதற்கேள்வி, புகைபிடிக்காதவருக்கு இது ஏன் வந்தது என்பது. கேள்வியில் உண்மையின் பகுதி உண்டு. இந்நோயாளிகளில் ஏறத்தாழப் பாதிப்பேர்க்குப் புகையிலைப் புகையே காரணம். புகையின் நச்சுப் பொருள்கள் சிறுநீரகத்தால் வடிகட்டப்பட்டுச் சிறுநீரோடு பையில் தங்குவதால் அதன் உட்சுவர் கெடுகிறது. ஸ்பென்சர் கம்பெனியின் சுருட்டுகளால் கடல் கடந்தும் பெயர்பெற்ற ஊர் எங்கள் திண்டுக்கல் என்பதால் இதனை இங்குள்ளோர் நன்கறிதல் வேண்டும். சாயத்தொழிலும் கவனத்திற்குரியது. ஜெர்மனியில் லுட்விக் ரேன் என்ற அறுவை மருத்துவர் 1895-இல், சாயத் தொழிற்சாலைத் தொழிலாளரிடையே இந்நோயைக் கண்டு அறிவித்தார். சாயப்பொருள்களில் இருந்த சில அமைன் வகைகளே காரணமென்று பின்னர்த் தெளிவாயிற்று. ஆயினும் புகைக்காதவர்க்கும் சாயம் தொடாதவர்க்கும் இது வருகிறது. காரணம் தேடுவது மருத்துவருக்கு அறிவு; படுத்திருப்பவரிடம் வந்து கேட்பது, நீ என்ன செய்தாய் என்று கேட்பதற்கு ஒப்பாகும். வேதனீய கருமத்தின் பயன் என்று உடனே தீர்ப்புக் கூறுவோரும் உண்டு. அது உண்மையே ஆனாலும், உரைக்குமிடமும் காலமும் பார்ப்பது பாஷா சமிதியில் அடங்கும் அன்றோ?

இனி மருத்துவமனை. அந்நாளில் திண்டுக்கல்லில் மருத்துவக் கல்லூரி இல்லை, 2022-இல்தான் திறக்கப்பட்டது. ஆகவே வெளியூர்த் தனியார் மருத்துவமனை ஒன்றுக்குச் சென்றோம். சலவைக்கல் தளமும் குளிரூட்டிய அறையும் இருந்தன. சிறுநீர்ப் பாதை வழியாகக் கருவி செலுத்திக் கட்டியைச் சுரண்டி எடுத்தார்கள். அதன்பின் குருதி உறைந்து அடைத்துக்கொள்ளாதிருக்க, மூன்று வழிக் குழாய் ஒன்றைப் பொருத்தி, உப்புநீரை இடைவிடாது உள்ளே செலுத்தி வெளியே வடிப்பார்கள். அந்த உப்புநீர்ப் புட்டி வற்றக்கூடாது. வற்றினால் கட்டிகள் அடைத்துப் பை உப்பி, நோயாளி துடிப்பார். இரவு இரண்டு மணிக்குப் புட்டி வற்றியது. செவிலியர் மேசையில் ஒருவரும் இல்லை. நான் மாடிப்படி இறங்கிச் சென்று ஒருவரை எழுப்பி அழைத்துவர அரைமணி ஆயிற்று. மறுநாட்காலை, திரை இழுக்காமலே, பார்வையாளர் நடந்துபோகும் நேரத்தில் அவருடைய ஆடையை விலக்கிக் குழாயைத் துடைத்தார்கள். அவர் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

திசு அறிக்கையிலும் ஒரு குறை இருந்தது. எடுத்த திசுவில் பையின் தசைப்பகுதி அடங்கியிருந்ததா என்ற செய்தி அதில் இல்லை. தசைக்குள் நோய் இறங்கியிருக்கிறதா என்பதைப் பொறுத்தே மருத்துவம் முற்றிலும் மாறுகிறது. இரண்டாவதாக நாங்கள் சென்ற மருத்துவமனையின் மருத்துவர் அறிக்கையைப் படித்ததும் முதலில் கேட்டது இதைத்தான். சில வாரங்களில் மீண்டும் ஒருமுறை சுரண்டியெடுத்துத் தசை தூய்மையாக உள்ளதென உறுதி செய்தார். அங்கே கட்டடம் பழையது, கட்டில்கள் நெருக்கம். ஆனால் அங்கிருந்த செவிலி, இருபத்தைந்து அகவை இருக்கும், குழாயைத் தொடுமுன் திரையை இழுப்பாள்; ஐயா, இப்போது இதைச் செய்யப்போகிறேன் என்று சொல்லிவிட்டுச் செய்வாள்; பை நிறையுமுன் வந்து வடிப்பாள். முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. மருத்துவமனையின் தரத்தை எதைக்கொண்டு அளப்பது என்று என்னைக் கேட்பவர்க்கு, திரை இழுக்கப்படுகிறதா, இரவில் புட்டியைப் பார்க்க ஆள் உண்டா, அறிக்கையை முழுதும் படித்துச் சொல்கிறார்களா என்ற மூன்றையும் பாருங்கள் என்றே சொல்கிறேன். அப்பெண் எந்த நூலிலும் உவர்ப்பின்மை என்ற சொல்லைக் கண்டிருக்கமாட்டாள்.

வீடு திரும்பும்போது குழாய் இருந்தது. சிறுநீர்ப் பையை மஞ்சள் துணிப்பைக்குள் மறைத்து, முழங்காலுக்குக் கீழே தொங்கவிட்டுக்கொண்டு பேருந்தில் வந்தார். அது சிறுநீர்ப்பையின் மட்டத்திற்கு மேலே உயரக்கூடாது. உயர்ந்தால் நீர் பின்னோக்கிப் பாயும்.

பின்னர் பி.சி.ஜி. மருத்துவம் தொடங்கிற்று. குழந்தைகளுக்குக் காசநோய் வாராதிருக்கப் போடும் அதே பி.சி.ஜி. பிரான்சு நாட்டுக் கால்மெட்டும் கெரனும் 1908 முதல் 1921 வரை, மாட்டுக் காசநோய்க் கிருமியை 230 முறை மாற்றி மாற்றி வளர்த்து அதன் கொடுமையைத் தணித்தார்கள். கனடாவில் ஆல்வாரோ மொராலஸ் 1976-இல், அதனைச் சிறுநீர்ப்பைக்குள் செலுத்தினால் உடலின் தற்காப்பாற்றல் தூண்டப்பட்டுப் புற்று மீண்டும் முளைப்பது குறைகிறது என்று காட்டினார். வாரம் ஒன்றாக ஆறு வாரம் செலுத்துவர்; இரண்டு மணி நேரம் உள்ளே நிறுத்தவேண்டும். பிறகு மூன்று மாதத்திற்கொருமுறை கருவியால் பார்ப்பதும், இடையிடையே மருந்தைத் தொடர்வதும் ஆண்டுக்கணக்கில் நீளும். இந்நோய் திரும்பி வருவதில் பெயர்பெற்றது.

இதில் நம்மவர்க்கு இரண்டு ஐயங்கள். மருந்து உயிருள்ள கிருமி என்பதால், செலுத்திய ஆறு மணி நேரத்திற்குக் கழிக்கும் சிறுநீரில் பிளீச்சிங் கரைசல் ஊற்றிக் கால்மணி கழித்தே நீர்விட வேண்டும். இது இம்சை அன்றோ என்று என் கணவர் கேட்டார். கொல்லும் கருத்தோடு செய்யும் சங்கற்ப இம்சையே இல்லறத்தார்க்கு முழுதும் விலக்கப்பட்டது. அதே கழிப்பறையைப் பயன்படுத்தும் பேரக் குழந்தைக்குத் தொற்று வாராமல் காப்பது அவ்வகையில் சேராது என்றேன். அவர் ஏற்றுக்கொண்டார், ஊற்றும்போது மட்டும் பஞ்ச நமஸ்காரம் சொல்வார். மற்றொன்று இரவு நீர் அருந்தாமை. கட்டி சுரண்டியபின் நிறைய நீர் பருகவேண்டும். நீருக்கும் மருந்துக்கும் விலக்கு வைத்து இரவு உண்ணா நோன்பு ஏற்போர் நம்முள் பலர். முழு நோன்பு உடையவர் முதல் நாளே மருத்துவரிடம் சொல்லிவிடவேண்டும். அவ்வாறு சொன்னதனால் எங்களுக்குப் பகலில் அருந்தவேண்டிய அளவையும் வேளையையும் மருத்துவர் எழுதிக் கொடுத்தார். மறைத்து வைத்து இரவெல்லாம் குழாய் அடைத்துக் கிடப்பதில் தவம் ஏதுமில்லை.

எல்லாவற்றிலும் கடினமான இடம் வேறு. தசைக்குள் நோய் இறங்கியிருந்தால் பையையே அகற்றி, குடலின் ஒரு துண்டால் வழி அமைத்து, வயிற்றின்மேல் ஒட்டும் பையில் சிறுநீரை வாங்குவார்கள் என்று மருத்துவர் முன்னமே விளக்கியிருந்தார். அதைக் கேட்ட அன்றிரவு என் கணவர், அப்படியானால் சல்லேகனை ஏற்றுக்கொள்கிறேன் என்றார். நான் உடனே மறுமொழி கூறவில்லை. சல்லேகனை நமக்கு உயிரினும் பெரியது. 2015-இல் இராஜஸ்தான் உயர் நீதிமன்றம் அதனைக் குற்றமென்றபோதும், அதே மாதத்தில் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை நிறுத்திவைத்தபோதும், நாடெங்கும் நாம் சொன்னது என்ன? தற்கொலை வெறுப்பில் பிறப்பது, சல்லேகனை பற்றின்மையில் பிறப்பது என்றோம். வயிற்றின்மேல் ஒட்டிய ஒரு பையை நினைத்துக் குமட்டுவதால் எடுக்கும் முடிவு இவற்றுள் எதில் சேரும்? சமந்தபத்திரர் சல்லேகனைக்குக் கூறும் நிபந்தனை, தீர்க்க வழியே இல்லாத இடையூறு, பஞ்சம், மூப்பு, பிணி என்பதாம். அவர் வரலாறாக வழங்குவதும் இதற்கு அரண் செய்கிறது. தீராப்பசியாகிய பஸ்மக நோய் கண்டு அவர் சல்லேகனைக்கு இசைவு வேண்டியபோது குரு மறுத்து, நோயைத் தீர்த்துக்கொண்டு வா, உன்னால் அறத்திற்கு ஆகவேண்டியது உண்டு என்று அனுப்பினார் என்பர்.

இறக்கப்போகிறவர்களுக்கு எதற்கு மருத்துவமனை என்ற கேள்வியைத் தாங்கிக்கொண்டே டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரோடு, 1954-இல் பன்னிரண்டு படுக்கைகளுடன் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். 1955-இல் அங்கே சேர்ந்த டாக்டர் சாந்தா 2021-இல் மறையும்வரை அதற்கே வாழ்ந்தார். தீரக்கூடியது எது, தீராதது எது என்ற எல்லையை இத்தகையோர் உழைப்பு நகர்த்திக்கொண்டே வந்திருக்கிறது. நம் பாட்டனார் காலத்தில் தீராத பிணியாக இருந்ததை இன்றும் அவ்வாறே கொண்டு நோன்பேற்பது, ஆசாரியரின் நிபந்தனையைப் படிக்காமல் கையொப்பமிடுவது போலாகும். உண்மையாகவே வழி அடைபட்ட நிலையில் ஒருவர் தெளிந்த மனத்துடன் கேட்டால், குறுக்கே நிற்க எனக்கு உரிமையில்லை.

என் கணவருக்குப் பையை அகற்ற நேரவில்லை. ஆனால் செய்யாற்றுப் பக்கத்து உறவினர் ஒருவருக்கு நேர்ந்தது. அவர் ஓராண்டுக்காலம் ஜினாலயத்தின் கோபுர வாயிலிலேயே நின்று கைகூப்பித் திரும்பிவிடுவார். யாரும் அவரைத் தடுக்கவில்லை, அவரே தடுத்துக்கொண்டார். யாரும் அழைக்கவும் இல்லை. அபிடேகம் செய்யலாமா என்பதைச் சாத்திரம் கற்றோர் கூறட்டும். நீராடி, பையை வடித்து மூடி, துவைத்த ஆடை உடுத்தி வருபவர் உள்ளே நின்று தரிசிப்பதற்கு எவ்விதத் தடையும் எனக்குத் தெரியவில்லை. நம் ஒவ்வொருவர் உடலுக்குள்ளும் அதே நீர் மூடிய பையில்தான் இருக்கிறது. இதை நான் அவரிடம் சொன்னபோது அவர் சிரித்துவிட்டார். அடுத்த நந்தீசுவர விழாவில், மகா மண்டபத்துத் தூணருகே, வெளியே எழுந்துபோக வசதியான ஓரத்தில், பாய் விரித்து அமர்ந்து பூசை முடியும்வரை இருந்தார்.