பத்துக்கு எத்தனை

மார்பக அறுவை முடிந்த மறுநாள், "வலி பத்துக்கு எத்தனை?" என்று செவிலியர் கேட்டார். கட்டிலருகே சித்தப்பா நின்றிருந்தார். "மூணு" என்றாள் சித்தி. அவர் டீ குடிக்கப் போனதும் என்னிடம், "எட்டு இருக்கும்டி."

மரத்துப்போகும் ஊசியை எங்கே போடுவது என்பதில் மருத்துவர்களுக்குள் வாதம் உண்டு. முதுகெலும்பை ஒட்டிப் போட்டால் மார்புச் சுவரின் நரம்புகள் அடங்கும். மார்புத் தசைக்குப் போகிறவை கழுத்திலிருந்து இறங்குவதால் தப்பிவிடும். 2011க்குப் பின் பரவிய பெக்ஸ் முறை, தசைகளுக்கு நடுவே மருந்தைச் செலுத்தி அவற்றையும் பிடிக்கிறது. 2016இல் முதுகுத் தசைக்கு அடியில் போடும் முறையும் வந்தது. எது மேல் என்பதைப் பெரும்பாலும் இரண்டு கணக்குகளே சொல்கின்றன: 24 மணி நேரத்தில் செலவான மார்ஃபின், அவள் வாயால் சொன்ன எண்.

கேட்கக் கூசுகிறவளுக்கு மார்ஃபின் குறைவாகத்தானே செலவாகும்? இரு பக்கமும் அப்படிப்பட்டவர்கள் இருப்பார்கள், கணக்கு நேராகிவிடும் என்றாள் புள்ளியியல் படித்த தோழி. எல்லோரும் மூன்று என்றால் எந்த ஊசி நல்லதென்று எப்படித் தெரியும் என்று கேட்டேன். அவள் யோசித்தாள்.

வலியைச் சொல்லும் உரிமை வலிக்கிறவளுடையது என்று வகுப்பில் பேசுகிறவள் நான். அன்று செவிலியரிடம் போய் எட்டு என்று சொல்லிவிட்டேன். ஊசி போட்டார்கள், சித்தி தூங்கினாள். பிறகு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.