ஏற்றிவிடப்பட்டவரின் கடன்

சுவிட்சர்லாந்தின் டாவோஸ் மலையுச்சியில் நான் சந்திக்கும் நண்பர் ஒருவர் லிஃப்டில் ஏறவே மாட்டார். பனிச்சறுக்குப் பலகையின் அடியில் வழுக்காத பட்டையை ஒட்டிக்கொண்டு, இருட்டோடு புறப்பட்டு, நடந்தே ஏறி வருவார். தன் காலால் ஏறாதவனுக்கு இறங்கும் சுகத்தில் பாத்தியதை இல்லை என்பது அவர் கட்சி. பாடுபடாமல் கிடைத்த உயரம் நம்முடையது ஆகுமா? எனக்கு இது அருளைப் பற்றிய கேள்வி.

எங்கள் வீட்டில் இது சாப்பாட்டு வேளைப் பேச்சு. வைணவத்தின் இரு பிரிவுகளில் அப்பா வடகலை, அம்மா தென்கலை. குரங்குக்குட்டி தாயை இறுகப் பிடித்துக்கொள்வதுபோல ஜீவனும் தன் பங்குக்குப் பற்ற வேண்டும் என்று வடகலை ஆசாரியர் தேசிகர் பக்கம் நிற்பார் அப்பா. பூனை தன் குட்டியைக் கவ்விக்கொண்டு போகிறதே, அதற்குக் குட்டி என்ன செய்தது என்று தென்கலை ஆசாரியர் பிள்ளை லோகாசாரியர் பக்கம் நிற்பார் அம்மா.

மலையேற்றும் இயந்திரங்களிலும் இந்த இரண்டு வழிகளும் உண்டு. 1908இல் ஜெர்மனியின் கருங்காட்டுப் பகுதியில், ஷொல்லாக் என்ற ஊரில், ராபர்ட் விண்டர்ஹால்டர் என்ற விடுதிக்காரர் தண்ணீர் ஆலையின் விசையில் ஓடும் வடத்தை அமைத்துத் தன் விருந்தினரை மேட்டுக்கு இழுத்துவிட்டார். 1934 டிசம்பரில் டாவோஸின் போல்கன் சரிவில் பொறியாளர் எர்ன்ஸ்ட் கான்ஸ்டாமின் இழுவை லிஃப்ட் ஓடத் தொடங்கியது. டி-பார் அதிலிருந்து வளர்ந்தது. அது குரங்குக்குட்டி வழி. கவிழ்த்த டி வடிவக் கம்பி பின்புறம் வந்து தள்ளும். அதன்மேல் உட்கார நினைத்தால் விழுவோம். முழங்காலைத் தளர்த்தி, பலகைகளைத் தடத்தில் நேராக வைத்து, சொந்தக் காலில் நின்றபடியே இழுபட வேண்டும்.

நாற்காலி லிஃப்ட் 1936இல் அமெரிக்காவின் சன் வேலியில் வந்தது. வாழைத்தாரைக் கொக்கியில் மாட்டிக் கப்பலுக்கு ஏற்றும் முறையை அறிந்திருந்த ரயில் நிறுவனப் பொறியாளர் ஜேம்ஸ் கர்ரன், கொக்கி இருந்த இடத்தில் நாற்காலியை மாட்டினார். இது பூனைக்குட்டி வழி. முழங்காலுக்குப் பின்னால் இருக்கை வந்து தொடும். உட்கார்ந்தால் போதும், தரை விலகிவிடும். ஏறுமிடத்தில் குழந்தை யாராவது தடுமாறி விழுந்தால் பணியாளர் வடத்தையே நிறுத்திவிடுவார். விழுந்த பிள்ளை எழும்வரை மலை நெடுக அத்தனை பேரும் அந்தரத்தில் காத்திருப்போம். அந்த நிறுத்தத்தில் நான் ஒவ்வொரு முறையும் அம்மாவின் கட்சிக்குப் போய்விடுகிறேன்.

நண்பரின் உழைப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அவரும் தனியாக ஏறுவதில்லை. டாவோஸிலுள்ள பனிச்சரிவு ஆய்வு நிறுவனம் குளிர்காலத்தில் மாலை 5 மணிக்கும் காலை 8 மணிக்கும் அபாய அறிக்கை வெளியிடுகிறது. அதைப் படிக்காமல் அவர் ஓர் அடி எடுத்து வைப்பதில்லை. ஆழ்ந்த பனியில் முன்னே போனவர் மிதித்த தடம்தான் அவருக்கும் பாதை. குரங்குக்குட்டி எவ்வளவு இறுகப் பிடித்தாலும் கிளைவிட்டுக் கிளை தாவுவது தாய்தான். இதை அப்பாவும் ஒருநாளும் மறுத்ததில்லை. பற்றுவதா, பற்றப்படுவதா என்பதில்தான் வழக்கு. கரை சேர்ப்பது யார் என்பதில் இரண்டு கலையாருக்கும் கருத்து ஒன்றே.

அப்படியானால் நம் முயற்சிக்கு வேலை எங்கே? இறங்குவதில். சரணடைந்தவர் செய்யும் கைங்கர்யம், அதாவது தொண்டு, மோட்சத்துக்குக் கொடுக்கும் விலை ஆகாது, பெற்றதன் மகிழ்ச்சியில் பெருகுவது என்பது எங்கள் சம்பிரதாயம். மலைச்சரிவில் அந்தக் கைங்கர்யம் என்ன என்று சர்வதேசப் பனிச்சறுக்குச் சம்மேளனத்தின் நடத்தை விதி ஒன்று எனக்குச் சொல்லிக்கொடுத்தது. பின்னால் வருபவர், முன்னால் போகிறவருக்கு ஆபத்து நேராதபடி தன் வழியைத் தேர்ந்துகொள்ள வேண்டும். சரிவில் பின்னால் வருபவர் என்றால் பெரும்பாலும் மேலே இருப்பவர். அவர் கண்ணுக்குக் கீழே உள்ளவர் தெரிகிறார். கீழே உள்ளவருக்கோ முதுகில் கண் இல்லை. ஆகவே பொறுப்பு மேலே இருப்பவருடையது.

அவர் நடந்து ஏறினாரா, நாற்காலியில் ஏறினாரா என்று அந்த விதி கேட்பதில்லை. நண்பரும் நானும் அதன் முன் சமம். உயரம் எந்த வழியில் வந்திருந்தாலும், கீழே இருப்பவருக்குத் தீங்கு வராமல் இறங்கத் தெரிந்தவருக்கே அதில் பாத்தியதை உண்டு என்று நான் நம்புகிறேன்.