சுங்கம் ஏய்ப்பது திருட்டா?

வெளிநாட்டிலிருந்து பொம்மை ரயிலுக்குச் சின்ன மோட்டார் வரவழைப்பவர்கள் சிலர், சுங்கத் தீர்வையைத் தவிர்க்க எண்ணி, ‘அன்பளிப்பு என்று போட்டுவிடுங்கள்’ என விற்பவரைக் கேட்பதுண்டு. பொதியில் ஒட்டும் சி.என். 22 சுங்கச் சீட்டில் அதற்கொரு கட்டமே இருக்கிறது. காசு கொடுத்து வாங்கிய சொந்தப் பொருளுக்குத் தீர்வை கட்டாதது திருட்டாகுமா?

ஆகும் என்கிறது பௌத்தத் துறவியருக்கான விநயபிடகம். ஒரு பிக்கு, ஐந்து மாசகமோ (மாசகம் அக்கால நாணயம்) அதற்கு மேலோ பெறும் வரிக்குரிய பொருளைத் திருட்டு எண்ணத்தோடு சுங்கச்சாவடி தாண்டிக் கொண்டுபோனால், முதல் காலடி கடுங்குற்றம். இரண்டாம் காலடியில் அவர் பிக்குவே அல்லர். காலடிக் கணக்குவரை பார்த்திருக்கிறார்கள்! எண்ணம் இல்லாவிட்டால் குற்றமில்லை. அன்பளிப்புக் கட்டத்தில் விழும் பேனாக்குறியோ எண்ணத்துக்குச் சாட்சி.

தீர்வையை விட்டுக்கொடுப்பது பொருளை வாங்குபவர் கையில் இல்லை. ‘சுங்கம் தவிர்த்த சோழன்’ என்று பெயரெடுத்த முதலாம் குலோத்துங்கன், வரி பெறும் இடத்தில் இருந்தவன்.