காலியான கிடங்கு பற்றின்மை ஆகுமா?

எம் தம்பியின் மகன் வந்தவாசிப் பகுதியில் மளிகைப் பொருள்களை மொத்தமாக வாங்கிச் சிற்றூர்க் கடைகளுக்கு விநியோகம் செய்து வருகிறான். அண்மையில் யாம் அங்குச் சென்றிருந்தபோது, முன்பு மூட்டைகள் கூரையைத் தொட்டு நின்ற கிடங்கு வெறுமையாகக் கிடக்கக் கண்டோம். தொழிலில் நொடிப்போ என்று அஞ்சினோம். அவனோ சிரித்தான்.

“இப்போது எதையும் சேர்த்து வைப்பதில்லை, அத்தை. கடைக்காரர்கள் மாலையில் கைப்பேசியில் கேட்கிறார்கள். மறுநாள் விடியலில் சரக்கு வந்து இறங்கிவிடுகிறது. சிறு வயதில் நீங்கள் சொல்லிக்கொடுத்த மிகுபொருள் விரும்பாமையைக் கடைசியில் நான்தான் கடைப்பிடிக்கிறேன்!”

விளையாட்டாகச் சொன்ன சொல்தான். ஆயினும் எமக்கு உடனே விடை தோன்றவில்லை. விடை தெரியாத வினாவை முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும் என்பது ஆசிரியப் பயிற்சியில் யாம் கற்ற பாடம். இதனையும் அவ்வாறே பிரித்துப் பார்ப்போம்.

சரக்கைத் தேக்காமல், வேண்டும் பொருளை வேண்டும் நேரத்தில் வேண்டும் அளவே வருவித்தல் என்னும் முறை ஜப்பான் நாட்டின் டொயோட்டா நிறுவனத்தில் வளர்ந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் முதலீட்டுக்கு வழியின்றி இருந்த அந்நிறுவனத்தில், தாயிச்சி ஓனோ என்னும் பொறியாளர் இதனை ஒழுங்குபடுத்தினார். பணம் முடங்குவதில்லை, பொருள் வீணாவதில்லை, பிழை உடனே தெரிந்துவிடுகிறது. இவை மெய்யான நன்மைகளே. ஆனால் அதன் நோக்கம் சிக்கனம், துறவன்று.

அம்முறைக்கு 1997 பிப்ரவரி 1 அன்று ஒரு சோதனை நேர்ந்தது. கரியா நகரில் இருந்த ஐசின் செய்க்கி ஆலை தீப்பற்றியது. டொயோட்டா கார்களின் பிரேக்கில் பொருத்தப்படும் ஒரு சிறு வால்வை ஏறத்தாழ முழுவதும் அவ்வாலையே செய்து வந்தது. கையிருப்போ இரண்டொரு நாளைக்கே போதுமானது. கைக்குள் அடங்கும் ஒரு பொருள் இல்லாமையால் ஜப்பானில் டொயோட்டாவின் உற்பத்தி ஏறக்குறைய முழுவதும் நின்றுபோயிற்று. அப்போது அதனைச் சார்ந்த ஏராளமான நிறுவனங்கள், தையல் இயந்திரம் செய்யும் நிறுவனம் ஒன்று உட்பட, தம் பணியை ஒதுக்கிவைத்து அவ்வால்வைச் செய்ய முன்வந்தன. விலை என்ன, உரிமை யாருக்கு என்ற பேரம் முதலில் எழவில்லை. ஒரு வாரத்திற்குள் ஆலைகள் மீண்டும் இயங்கத் தொடங்கின. பின்னர் டொயோட்டா தன் நேரடி வழங்குநர்களுக்கு நன்றியறிதலாகப் பணமும் அளித்தது.

இதிலிருந்து யாம் உணர்வது ஒன்று. கிடங்கில் பொருளைக் குறைத்தவர் பிறரைச் சார்ந்திருப்பதைக் கூட்டிக்கொள்கிறார். அச்சார்பை நன்றியோடு ஒப்புக்கொள்பவருக்கே இம்முறை தகும்.

இனி மறுபக்கம். சேர்த்து வைத்தல் எல்லாம் தீமையா? 1965இல் தஞ்சாவூரில் தொடங்கப்பெற்ற இந்திய உணவுக் கழகம் நெல்லையும் கோதுமையையும் மலைபோல் சேமித்து வைக்கிறது. 2020இல் கொள்ளைநோய் பரவி ஊர்கள் அடைக்கப்பட்ட நாளில், தகுதியுடைய குடும்ப அட்டைகளிலுள்ள ஒவ்வொருவருக்கும் மாதந்தோறும் 5 கிலோ தானியம் விலையின்றி வழங்க முடிந்தது அச்சேமிப்பினால்தான். அதே தானியத்தை விலை ஏறட்டும் என்று ஒரு தனி வணிகர் பதுக்கினால், 1955ஆம் ஆண்டின் அத்தியாவசியப் பண்டங்கள் சட்டம் அவரைக் குற்றவாளி ஆக்கக்கூடும். மூட்டை ஒன்றே, வைத்திருக்கும் நோக்கம்தான் வேறு.

நிறைந்த கிடங்கு தானே பாவமில்லை, காலியான கிடங்கு தானே புண்ணியமில்லை என்றால், அளவுகோல் யாது? இங்கு ஆசாரியர் சமந்தபத்திரர் நமக்கு உதவுகிறார். இல்லறத்தார்க்கு அறம் உரைக்கும் இரத்தினகரண்ட சிராவகாசாரத்தில் மிகுபொருள் விரும்பாமைக்குரிய குற்றங்கள் ஐந்தை அவர் எண்ணுகிறார். அளவுக்கு மீறிச் செலுத்துதல், அளவுக்கு மீறிச் சேர்த்தல், பிறர் ஆதாயம் கண்டு வியந்து குமைதல், மிகு பேராசை, அளவுக்கு மீறிப் பாரம் சுமத்துதல் என்பன அவை.

வாசகர்கள் இவ்வரிசையைச் சற்று நின்று நோக்க வேண்டும். பொருளாசை பற்றிய குற்றங்களில் கிடங்கைச் சார்ந்தது ஒன்றே. முதலும் இறுதியும் வழியில் நிகழ்பவை. எருதுகளை அவற்றின் ஆற்றலுக்கு மேல் ஓட்டுவதும், தாங்காத சுமையை அவற்றின்மேல் ஏற்றுவதும் பொருளாசையின் செயல்களே என்று ஆசாரியர் கண்டார். சேர்த்தவர் மட்டுமல்லர், விரட்டியவரும் விரதத்தில் வழுவியவரே.

இன்று எருதின் இடத்தில் லாரி நிற்கிறது. லாரிக்குக் களைப்பில்லை, அதனை ஓட்டுபவருக்கு உண்டு. யாம் தம்பி மகனிடம் இரண்டு வினாக்களே கேட்டோம். விடியலில் சரக்கு இறங்க வேண்டுமானால், அதைக் கொண்டுவருபவர் எப்போது உறங்குகிறார்? நீ கேட்ட உடனே அனுப்ப வேண்டுமானால், அந்தச் சிறு ஆலைக்காரர் தம் பணத்தைப் போட்டு யாருக்காகச் சேர்த்து வைத்திருக்கிறார்? அவன் தயங்கினான். ஆலைக்காரருக்குப் பணம் தருவது இரண்டு மாதம் கழித்து என்பதும் பேச்சில் வெளிவந்தது. சிறு தொழில்களுக்கு மிஞ்சினால் 45 நாட்களுக்குள் பணம் தரவேண்டும் என்று 2006ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது. ஆகவே மூட்டைகள் மறையவில்லை. வேறொருவர் முதுகிற்கு மாறியுள்ளன.

அவனுக்கும் ஒரு நியாயம் உண்டு. “நான் மட்டும் மாறினால் பக்கத்து ஊர் விநியோகஸ்தர் என் கடைகளைப் பிடித்துக்கொள்வாரே, பிள்ளைகளின் படிப்புக்கு என்ன செய்வேன்?” என்று கேட்டான். இவ்வச்சத்தை யாம் எளிதாகத் தள்ளவில்லை. ஆனால் இவ்விரதத்திற்கு விருப்பத்திற்கு அளவு வகுத்தல் என்றும் ஒரு பெயர் உண்டு. எதுவும் இல்லாமை முனிவர்க்குரியது. இல்லறத்தார்க்குச் சொல்லப்பட்டது அளவு. அரிசி, பருப்பு, எண்ணெய் போன்ற இன்றியமையாதவற்றில் சில நாள் கையிருப்பைத் தானே சுமக்கலாம். தேவையை முன்கூட்டியே தெரிவிக்கலாம். சொன்ன நாளில் பணம் தரலாம். இவற்றால் ஆதாயம் சிறிது குறையலாம், தொழில் அழிந்துவிடாது.

அடுத்த முறை அவன் வந்தபோது, சரக்கு இறங்கும் நேரத்தை விடியலிலிருந்து முற்பகலுக்கு மாற்றிவிட்டதாகக் கூறினான். பணம் தரும் நாளை இன்னும் மாற்ற இயலவில்லை என்றும் மறைக்காமல் ஒப்புக்கொண்டான். அதற்காக மகிழ்ந்தோம்.

அவனை வினவிய யாமும் குற்றமற்றவர் அல்லேம். அன்று மாலை எம் பேத்தி ஏதோ ஒரு பொருளைக் கைப்பேசியில் கேட்டாள். சிறிது நேரத்தில் வியர்வை வழிய ஓர் இளைஞர் வாயிலில் நின்றார். அப்பொருள் மறுநாள் வந்திருந்தாலும் எமக்குக் குறை ஒன்றும் இல்லை. வீட்டில் எதையும் சேர்த்து வைக்கவில்லை என்று பெருமை கொள்ளுமுன், நமக்காக விரைபவர் யார், சுமப்பவர் யார் என்று ஒவ்வொரு குடும்பமும் எண்ணிப் பார்ப்போமாக.