சகுனமும் நற்சொல்லும்

பூனை குறுக்கே போனதென்று பயணத்தை நிறுத்துவதும், நோயாளியைக் காணப் புறப்படும்போது யாரோ 'சாலிம்' என்று ஒருவரை அழைக்க, 'நலமுள்ளவர்' என்ற அப்பெயரின் பொருளை எண்ணி மகிழ்வதும் ஒன்றுதானே என முத்தியால்பேட்டை அன்பர்கள் சிலர் நம்மிடம் வினவினர். ஒன்றல்ல என்பதே நம் விடை.

முன்னதற்கு அரபியில் 'தியரா' என்றும், பின்னதற்கு 'ஃபஃல்' என்றும் பெயர். 'தைர்' என்றால் பறவை. அறியாமைக் காலத்து அரபிகள் பறவையை விரட்டுவர். வலப்பக்கம் பறந்தால் புறப்படுவர், இடப்பக்கம் பறந்தால் வீடு திரும்புவர். 'சகுனம்' என்ற வடசொல்லுக்கும் பறவை என்றே பொருள். பழந்தமிழர் அதைப் 'புள்' என்றனர். புதுவையில் பழகிய பிரெஞ்சு மொழியில் இன்பத்தைக் குறிக்கும் 'பொனேர்' என்ற சொல்லும் ரோமர்களின் சகுனச் சொல்லிலிருந்து வந்ததே.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தியராவை மறுத்தார்கள், ஃபஃலை விரும்பினார்கள். அது யாதெனத் தோழர்கள் கேட்டபோது, காதில் விழும் நல்ல சொல்லே என விளக்கினார்கள். ஹிஜ்ரி 6-இல் ஹுதைபிய்யாவில் குறைஷியரின் தூதராக ஸுஹைல் வந்தார். எளிமையைக் குறிக்கும் சொல்லோடு தொடர்புடைய அப்பெயரைக் கேட்டு, காரியம் எளிதாகும் என்று நாயகம் (ஸல்) அவர்கள் மகிழ்ந்தார்கள்.

அப்படியானால் நல்லது ஆகும், கெட்டது ஆகாது என்பதுதானா வேறுபாடு? இல்லை. முடிவு யார் கையில் என்பதே வேறுபாடு. நற்சொல்லைக் கேட்டவர் முன்பே புறப்பட்டுவிட்டவர். அச்சொல் இறைவன்மீது அவருக்குள்ள நம்பிக்கையை வளர்க்கிறது. சகுனம் பார்ப்பவரோ தம் முடிவையே பூனையிடம் ஒப்படைக்கிறார்.

ஆகவே 'பால் கிதாபு' திறந்து, விரல் பட்ட எழுத்தைக் கொண்டு சம்பந்தத்தை முடிவு செய்வது பெயரளவில்தான் ஃபஃல். உண்மையில் அது, அல்மாயிதா அத்தியாயம் விலக்கிய அம்புக் குறிக்கே நெருக்கமானது.

ஸபர் மாதம் பீடை என்று நிகாஹைத் தள்ளிவைக்கும் வீடுகள் நம்மில் உண்டு. ஸபரைப் பற்றிய அந்த எண்ணத்தையும் தியராவோடு சேர்த்தே நாயகம் (ஸல்) அவர்கள் மறுத்துள்ளார்கள். மணமக்கள் பொருந்தி, இரு வீட்டாரும் இசைந்த பின், ஒரு பெண்ணின் வாழ்வை மாதத்தின் பெயரால் காக்க வைப்பது நியாயமா?

உள்ளத்தில் திடீரெனத் தோன்றும் அச்சம் குற்றமாகாது. தவக்குல் அதனைப் போக்கிவிடும். அதற்குப் பணிந்து காலைப் பின்வைப்பதே குற்றம். பெரியோரைக் கலந்து, இஸ்திகாரா தொழுது, துணிந்து காரியத்தில் இறங்குவோம். வல்ல அல்லாஹ் நமக்கு நல்லுறுதியை அருள்வானாக! ஆமீன்.